அனலைதீவுப் படகும் என் யன்னலும்

ஐயா, பஸ்ஸில் ஏறினால் எந்த இருக்கையில் அமர்வது என்று தீர்மானிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்வேன். அமர்ந்த பிறகு எழும்பச் சொன்னால்தான் எனக்குப் பொறுக்காது.

என் பெயர் அருளம்பலம், ஊர் சரவணை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரை கொழும்பில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை பார்த்தேன். அதன் பிறகு அகதி முகாமில் ஒரு மூலை, கப்பலில் ஒரு மூலை, இங்கே தமக்கையார் வீட்டு விறாந்தையில் ஒரு மூலை. எங்கே பாயை விரித்தாலும் யாராவது வந்து கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்வார்கள். ஆறு வருடம் இப்படியே போனது. ஊர்காவற்றுறைப் படகுச் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஒரு கொம்பியூட்டர் அனுப்பினார்கள். அதற்கு ஆள் தேடியபோது அந்தக் கதிரை எனக்குக் கிடைத்தது. அதையும் இழந்தால் உயிர் வாழமாட்டேன் என்று நினைத்தேன். கூட்டிச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

என்னோடு ஜசிந்தா என்ற பெண்ணையும் எடுத்தார்கள். ஊர்காவற்றுறைப் பெண், கணிதப் பட்டதாரி, கெட்டிக்காரி. யார் யார் எந்தப் படகில் போகிறார்கள் என்ற பட்டியலுக்கு நான் புறோகிராம் எழுதினேன். எந்தப் படகு கடலுக்குத் தகுதி, எது தகுதியில்லை என்பதற்கு அவள் எழுதினாள். காலையில் மெக்கானிக் சொல்வதை அவள் பதிந்து வைப்பாள். ஒரு படகைப் போகவிடக் கூடாது என்றால் திரையில் சிவப்பாக ஒரு யன்னல் திறக்கும். பிழை இல்லையென்றால் ஒன்றும் திறக்காது.

எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் இந்த யன்னல்களைப் பற்றித்தான். ஒரு புறோகிராம் தன் யன்னல் திரையில் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கலாமா, அல்லது கதிரையில் இருக்கும் ஆள்தான் தீர்மானிக்கவேண்டுமா? சிரிப்பீர்கள். நாங்கள் நான்கு மாதம் இதற்காகச் சண்டை பிடித்தோம்.

"அண்ணை, உங்கட புறோகிராம் வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. கதிரை எங்க போடுறதெண்டு வீட்டுக்காரர்தான் சொல்லவேணும்" என்பாள்.

"வீட்டுக்காரருக்கு எது முக்கியமெண்டு தெரியாது பிள்ளை. எழுதினவனுக்குத்தான் தெரியும். நீர் ஆளின்ர கையில விட்டால், அவர் ஒருநாள் எங்கையாவது மூலையில தள்ளிப்போட்டுத் தேடுவார்" என்பேன் நான்.

அந்த வீட்டுக்காரர் கதிர்காமு அண்ணை. சங்கத்தின் எழுதுநர், அனலைதீவுக்காரர். மவுஸைப் பிடிக்கவே ஒரு மாதம் பழகினார். ஆனால் பழகிய பிறகு தனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார். அவருடைய மேசை வடக்குப் பார்த்தது. இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் ஊர். ஆகவே படகு சம்பந்தமான யன்னலைத் திரையின் இடப்பக்கத்துக்கு இழுத்துவிடுவார், ஆட்களின் பட்டியலை வலப்பக்கத்துக்கு. கடல் பக்கம் சிவப்பு இல்லையென்றால் படகு போகலாம் என்று துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு கைக்கு வராமல் எந்த ஓட்டியும் எஞ்சினை இயக்கமாட்டான். ஜசிந்தாவின் புறோகிராம் அவர் விட்ட இடத்தை நினைவில் வைத்து மறுநாளும் அங்கேயே திறக்கும். என்னுடையது நடுவில்தான் திறக்கும். அவர் தினமும் அலுத்துக்கொண்டு அதை வலப்பக்கம் தள்ளுவார்.

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் சங்கத்துக் கூட்டம். இரண்டு முறைகளில் ஒன்றைத்தான் வைத்திருப்பது, ஓர் ஆள் போதும் என்று பேச்சு. கதிர்காமு அண்ணை யாருக்காகப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் புறோகிராமில் சில வரிகள் சேர்த்தேன். ஜசிந்தாவின் யன்னல் எங்கே நிற்கிறது என்று பார். அதே இடத்தில், அதே அளவில், அதை மறைத்துக்கொண்டு திற. யாராவது இழுத்தால் திரும்பி வா. இவ்வளவுதான். ஆளின் கையில் இடத்தை விட்டால் எச்சரிக்கை மறைந்துபோகும் என்று நான் சொல்லிவந்ததைக் கூட்டத்துக்கு முன் ஒருமுறை காட்டவேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் கெட்ட எண்ணம் இல்லை.

சனிக்கிழமை காலை ஜசிந்தா பதிந்துவிட்டு, மெக்கானிக்கோடு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாங்கப் போய்விட்டாள். அனலைதீவுப் படகில் அடிப்பலகை விலகியிருக்கிறது, போகக் கூடாது என்று பதிந்திருந்தாள். சோழகக் காற்று பலமாக வீசியது. கதிர்காமு அண்ணை பட்டியலைத் திறந்தார். திரையில் சிவப்பு இல்லை. துண்டு எழுதினார். படகு அரைவழியில் பலகை பிளந்து தாண்டது. பதினேழு பேரும் போய்விட்டார்கள். பட்டியலில் பதினோராவது பெயர் இரஞ்சிதம், கதிர்காமு அண்ணையின் மகள்.

சம்பவ நேரம் நான் அலுவலகத்தில் இருக்கவில்லை என்று முதலில் உங்கள் விசாரணையில் சொன்னேன். அது சரியல்ல. அவருக்குப் பின்னால்தான் நின்றேன்.

அவர் என் யன்னலை வலப்பக்கம் இழுத்தார். அது திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் வந்தது. துண்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இண்டைக்கு உம்மட பெட்டி கடல் பக்கம் வந்து குந்திக்கொண்டு நிக்குது. இதுக்குக் கீழ ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. ஒண்டும் இல்லை" என்றேன்.

"வடிவாப் பாத்தனீரோ? பிள்ளையும் உந்தப் படகிலதான் போறாள்."

"ஓம். பாத்தனான்."

பார்த்திருந்தேன், ஐயா. ஜசிந்தா பதிந்ததைக் காலை ஏழு மணிக்கே வாசித்தேன். துண்டு கைமாறிப் படகு வெளிக்கிடப் பதினைந்து நிமிடம் ஆனது. அலுவலகக் கதவிலிருந்து கூப்பிட்டால் இறங்குதுறையில் கேட்கும். நான் கூப்பிடவில்லை. துறை தாண்டுமுன் தண்ணீர் ஏறும், ஓட்டி திருப்பிக்கொண்டு வருவான், எல்லோரும் நனைந்துபோய் நின்று சத்தம் போடுவார்கள், பின்னேரம் கூட்டத்தில் என் முறை வெல்லும் என்று கணக்குப் போட்டேன். படகு சிறிதாகி மறையும்வரை அது திரும்பும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் நான் செய்தது தெரிந்துவிடும், திங்கட்கிழமை அந்தக் கதிரையில் ஜசிந்தா இருப்பாள். அதுதான் அந்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கதிர்காமு அண்ணை இப்போது யாரோடும் பேசுவதில்லை. அவர் வீட்டுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். "நான்தான் பாக்காமல் விட்டனான் தம்பி" என்று ஒருமுறை சொன்னார். நான் சொன்ன பதிலை அவர் மறந்துவிட்டாரா, என்னைக் காப்பாற்றுகிறாரா என்று தெரியவில்லை. அந்த வீட்டு வாசலைக் கடக்க இப்போது எனக்கு ஏலாது.

நேற்று உங்கள் அறிக்கையின் நகலைப் பார்த்தேன். எழுதுநரின் கவனக்குறைவு, கொம்பியூட்டர் புறோகிராமின் கோளாறு என்று இரண்டு காரணம் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் நானாகவே வந்தேன். எழுதுநர் கவனமாகத்தான் இருந்தார்; அவருடைய பெயரை எடுத்துவிடுங்கள். பதினேழு பேரையும் நான்தான் கொன்றேன். என் பெயரைப் போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன். என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.

ஆனால் ஐயா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்தக் கோளாறு என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். அவர் இரண்டு தரம் இழுத்தும் என் யன்னல் நான் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்தது.