அழகையா விஞ்ஞானக் கட்டடம்

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பேராசிரியர் அழகையா நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து அறையொன்றில் பிறந்தவர். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் குளவி கொட்டி அவருடைய அம்மா செத்துப்போனார். அதனால்தான் ஆயுசு முழுக்கக் குளவிகளையே ஆராய்ந்தார். நான் அவருடைய மாணவி, பிறகு அவர் துறையிலேயே விரிவுரையாளர். நானும் லயத்துப் பிள்ளைதான்.

பல்கலைக்கழகத்தில் புது விஞ்ஞானக் கட்டடம் எழும்பியது. சாருடைய பெயரை வைக்கச் சொல்லி நான் கெஞ்சாத ஆளில்லை. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கும் வழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். யாரோ ஒரு முதலாளியின் காலஞ்சென்ற தகப்பன் பெயர் தயாராக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கூடை சுமந்த சனத்தின் பெயர் ஒரு சுவரிலாவது இருக்க வேண்டாமா? சாரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

"அட போம்மா சிவசக்தி, செத்தாத்தானே வைப்பாங்க? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள்.

பலதடவை கொட்டு வாங்கியதில் குளவி விஷம் அவருக்கு அறவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது. ஒரு கொட்டு போதும், மூச்சடைத்துவிடும். அதற்கான ஊசியை என் பையில்தான் வைத்திருப்போம். ஹாலிஎலவில் ஒரு தோட்டத்துக்குக் கூடு பார்க்கப் போனோம். அவருடைய பாதுகாப்பு உடுப்பின் கழுத்துப் பட்டியை நான்தான் பூட்டிவிட்டேன். வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டேன்.

சார் போனபிறகு மறுபேச்சில்லை. அவர் பெயரையே வைத்தார்கள். விழாவன்று லயத்துச் சனம் அந்த எழுத்துகளைத் தொட்டுக் கும்பிட்டது. சாருடைய மனைவி ஜெயலெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீயாச்சும் கூட இருந்தியேம்மா" என்று அழுதார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. செய்தது பாவம். அதைச் சுமக்க முடியாமல்தான் நானாக இங்கே வந்தேன்.

கொட்டியதும் சார் தேயிலைச் செடியோரம் உட்கார்ந்து கையை நீட்டினார். பை என் தோளில் இருந்தது. நான் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், விளங்கிவிட்டது. "பேரெல்லாம் வேணாம்மா... ஊசியக் குடு" என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான். தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாத மனிதர்.