நாற்பதாவது வீடு

நாங்கள் கேட்பது இருபத்துநான்கு மணித்தியாலங்களைப் பற்றி மட்டும்தான், டொக்டர். நேற்று இந்த நேரத்திலிருந்து இன்று இந்த நேரம்வரை பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று தாயிடம் கேட்டு எழுதுவோம். அதற்கு முந்திய நாளைக் கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

நீங்கள் நடத்திய விசாரணையில் நான் அதிகம் கதைக்கவில்லை. பலர் முன்னால் எனக்கு வாய் வராது. பல்கலைக்கழகத்திலும் வாய்மொழிப் பரீட்சையில்தான் புள்ளி குறையும். ஆகவே எழுதித் தருகிறேன்.

புதிய உணவுக் கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்க எங்கள் பிரதேசப் பிரிவைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். மாங்குளத்தில் ஒரு கச்சான் கடலை ஆலை வருவதாக இருந்தது. மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துப் பசையைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. நூற்றிருபது பேருக்கு வேலை. கச்சானை உடைத்த கோதையே எரித்து இயந்திரம் ஓட்டுவார்கள், காட்டில் விறகு வெட்டத் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. நாற்பது வீடுகளில் நாற்பது பிள்ளைகளின் மேற்கையை நாடாவால் அளக்கவேண்டும். சுற்றளவு பன்னிரண்டு தசம் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பிள்ளை மெலிவு. அப்படி ஆறு பேருக்கு மேல் இருந்தால் ஆலைக்கு அனுமதி இல்லை, கச்சான் முதலில் பிரிவின் பிள்ளைகளுக்கு. பதினொன்று தசம் ஐந்துக்குக் கீழே நாடா சிவப்பு. சிவப்பென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நல்ல விதி. வாசித்தபோது யாரோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

முப்பத்தொன்பது வீடுகள் முடிந்தபோது மெலிந்தவர்கள் ஆறு பேர் ஆகியிருந்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் றிப்னாஸ் தொலைபேசியில் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "ஒரு வீடுதானே மிச்சம், தங்கச்சி. பாத்துச் செய்யுங்கோ" என்றார். அவர் மீது நீங்கள் சந்தேகப்படவேண்டாம். கவனமாகச் செய்யுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

நாற்பதாவது வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்தில் இருந்தது. சிவனேஸ்வரி அக்காவும் அவருடைய இரண்டு வயது மகன் நிருஷனும் மட்டும் இருந்தார்கள். எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். காலையில் புட்டும் மீன்குழம்பும், மத்தியானம் சோறும் பருப்பும் முட்டையும், இரவும் சோறு என்று நான் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பதிலைச் சந்தேகிக்கத்தான் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவார்கள். வந்தவர் முன்னால் அடுப்பு எரியவில்லை என்று எங்கள் சனம் சொல்லாது. ஆகவே நான் குசினியைப் பார்த்தேன். புட்டுக்குத் தேங்காய் துருவவேண்டும். துருவலையின் பல்லில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அவர் என் கண் போன இடத்தைக் கண்டுகொண்டார்.

"என்ன தங்கச்சி, வாயாலை பிள்ளையைக் கேட்டுக்கொண்டு கண்ணாலை என்ரை சட்டியை எண்ணுறியள்? உதுக்கும் கம்பசிலை படிப்பிக்கிறவையோ?"

நானும் சிரித்தேன். சுவரோரம் மூன்று சாக்குக் கச்சான் இருந்தது. வாய் தைத்து, ஆலையின் சீட்டுக் கட்டியிருந்தது. நிருஷன் அதில் சாய்ந்தபடி தையலின் நூலைச் சூப்பிக்கொண்டிருந்தான். அவர் அவனை மெதுவாகத் தூக்கி இந்தப் பக்கம் இருத்தினார்.

"அதிலை கை வைக்கேலாது. பக்டறிக்குப் பதிஞ்ச நிறை. குறைஞ்சால் வேலை லிஸ்ற்றிலை என்ரை பேரையும் வெட்டிப் போடுவினம். எப்ப துறப்பினம், தங்கச்சி?"

"எல்லாம் சரிவந்தால் அடுத்த மாதம், அக்கா."

பிறகு அளந்தேன். நல்லாயிருக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். பன்னிரண்டு தசம் ஆறு என்று தாளில் எழுதினேன்.

அது உண்மையான அளவு அல்ல என்பது உங்களுக்கு முன்பே தெரியும். ஏன் என்றுதான் கேட்டீர்கள். நான் விஞ்ஞானம் படித்தவள். ஒரு அளவை மற்ற முப்பத்தொன்பதுக்கு மேலாக வைக்கப் பழகவில்லை. ஆலை வந்தால் நூற்றிருபது அடுப்பு எரியும், அதில் ஒன்று இவருடையது. வராவிட்டால் இவருக்கு இருப்பது இந்த மூன்று சாக்குதான். யார் கணக்குப் பார்த்தாலும் இதுதான் வரும்.

பிள்ளையை நான் மறக்கவில்லை. மருத்துவமாது கௌசலாவிடம் தனியாகச் சொல்ல நினைத்தேன். சொன்னால் அவர் பதிவேட்டில் எழுதுவார், எழுதினால் என் தாளோடு ஒத்துப் பார்ப்பார்கள். அனுமதி வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். இடையில் இரண்டு தடவை அந்த வீதியால் சைக்கிளில் போனேன். நிற்கவில்லை. நின்றால் அக்கா தேத்தண்ணி தருவார். அவரிடம் சீனி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அளந்ததிலிருந்து இருபத்தோராம் நாள் அனுமதி வந்தது. நிருஷன் பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்தான்.

விசாரணையில் சிவனேஸ்வரி அக்கா எனக்காகக் கதைத்தார். "அந்தத் தங்கச்சியிலை பிழையில்லை. வந்து வடிவாப் பாத்தவ. நான்தான் பிள்ளைக்கு ஒழுங்காக் குடுக்கேல்லை" என்றார். நான் குனிந்து கொண்டிருந்தேன். கூச்சம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் பன்னிரண்டு தசம் நான்கை ஆறு என்று பிழையாக வாசித்திருக்கிறேன், இரண்டு மில்லிமீற்றர் யார் கையிலும் தவறும், அதற்காக அனுமதியை நிறுத்தத் தேவையில்லை, பிள்ளை பிறகு காய்ச்சலில் மெலிந்திருக்கவேண்டும் என்று அறிக்கை எழுதினீர்கள். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆலை நடக்கிறது. அக்கா அங்கே கச்சான் தரம் பிரிக்கிறார். அனுமதி கிடைத்துத் தொண்ணூறு நாட்கள் கடந்தால் பழைய அளவுகளை வைத்து அனுமதியைத் திரும்ப எடுக்க முடியாது. நேற்றோடு தொண்ணூறு முடிந்தது. அதுவரை பொறுத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது, அது எனக்கு நித்திரை தரவில்லை. நான் நாடாவைப் பிழையாக வாசிப்பவள் அல்ல. படித்த படிப்புக்கு அந்தப் பெயர் வரக்கூடாது. அன்று மூன்று தடவை அளந்தேன். நிறம் தெரிந்தால் தாய் வெட்கப்படுவார் என்று பெருவிரலால் மறைத்துக்கொண்டேன். மூன்று தடவையும் ஒரே அளவுதான், டொக்டர். பத்து தசம் ஏழு.