பாசி பிடிக்காத தொட்டி

பாசி ஒன்றும் கெட்டது இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். குளத்தில் கிடந்தால் யாரும் குறை சொல்வதில்லை. கண்ணாடியில் ஒட்டினால்தான் தொந்தரவு. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, வீட்டுக்குக் கீழேயே. லென்ஸ் துடைப்பதுதான் பிழைப்பு. அழுக்குக் கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்காது.

மீன், என் மனைவி வாங்கி வந்தது. பெட்டா மீன், ஃபைட்டர் என்பார்களே, அது. நீலத் துடுப்பைப் புரள விட்டுக்கொண்டு மிதப்பாகத் திரியும். அதனால் துரை என்று பெயர் வைத்தாள். பிறகு வேலை விஷயமாக வெளியூருக்குப் பயிற்சிக்குப் போனாள். போகும்போது துரையையும் அவள் அப்பாவையும் என் பொறுப்பில் விட்டுப் போனாள்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ரோட்டைப் பார்க்காமல் இருக்க மாட்டார். எழுந்ததும் ஜன்னலை விரியத் திறப்பார். வெயில் நேராகத் தொட்டி மேல் விழும். சாயந்திரமானால் டியூப்லைட். போகிற போக்கில் மீன் தீனியையும் கொட்டிவிட்டுப் போவார். "பாவம் மாப்ள, வயிறு ஒட்டிக் கெடக்கு" என்பார். துரையின் வயிறு அப்போது பட்டாணி மாதிரி உப்பியிருக்கும்.

தொட்டி பச்சையாகிவிட்டது. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன், தண்ணீர் மாற்றினேன். தேய்த்த கை காய்வதற்குள் மறுபடியும் பச்சை. மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "வெளிச்சத்தைக் கொறைங்க சார், தீனியைக் கொறைங்க. பாசி தானா அடங்கிடும்" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மாமனாரைப் பார்த்து ஜன்னலை மூடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பெண் கொடுத்தவர். நான் மரியாதை தெரிந்தவன்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில்தான். மறுநாளே கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த கையோடு, மிச்சமிருந்த கண்ணால் ஜன்னலைத் தேடி எழுந்தார்.

"ஒரு கண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையும் மாமா. ரெண்டையும் கட்டிட்டா சீக்கிரம் ஆறும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் மாப்ள" என்றார். கண் விஷயத்தில் கண்ணாடிக் கடைக்காரன் பேச்சை யார் தட்டுவார்கள்?

ஜன்னலில் கருப்புத் தாள் ஒட்டினேன். டியூப்லைட்டையும் பல்புகளையும் கழற்றினேன். பாசி வாடத் தொடங்கியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது பாதியில் கட்டை அவிழ்ப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார், அங்கேயே காட்டிக்கொள்வார் என்று சொன்னேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் நானே விட்டேன். அதற்காகக் கட்டைப் பிரிக்கும்போது அறை கும்மிருட்டாக இருக்கும்.

"ஒண்ணுமே தெரியலையே மாப்ள" என்பார்.

"நரம்பு தேறணும் மாமா. கொஞ்சம் பொறுங்க" என்பேன்.

ஒரு முறை அழுதார். "அத்தனை வருஷம் ஓட்டினேன், ஒரு நாயைக்கூட இடிச்சதில்ல. எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்டார். கண்ணீர் புண்ணுக்கு ஆகாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மகளிடம் போனில் பேசும்போது இதைச் சொல்லவே இல்லை. "மாப்ள கண்ணுல வச்சுப் பாத்துக்கறார்" என்பார். வேறு துணை இல்லாததால் துரையோடு பேசிக்கொண்டிருப்பார். எந்த வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுப்பார். நடுநடுவே, "கேக்கறியா துரை?" என்பார். உடனே தண்ணீர் சளக்கென்று சத்தம் போடும். அவர் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வரும்.

மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வீட்டுக்குள் தடுமாறி, சுவரைத் தடவி, தாளைக் கிழித்தாள். அப்பாவின் கட்டை அவிழ்த்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கண்ணாடி, அப்படியே காற்று மாதிரி இருந்தது.

"பளிச்சுனு தெரியுது" என்றார். அப்புறம், "துரை எங்க?" என்று கேட்டார்.

ஆபரேஷன் செய்த கண் தேறிவிட்டதாம். நன்றாக இருந்த கண்தான் வெளிச்சம் பட்டால் இன்னும் கூசுகிறதாம். அதற்கு நான் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

துரையைப் பற்றியும் மறைக்க ஒன்றுமில்லை. வெளிச்சத்தை நிறுத்தியும் ஓரமாகக் கொஞ்சம் பச்சை நின்றது. யோசித்துப் பார்த்தேன். மீன் இருந்தால் கழிவு, கழிவு இருந்தால் பாசி. ஆகவே துரையை ஒரு பாட்டிலில் விட்டு, இறுக மூடி, பரணில் வைத்தேன். மாமனாருக்குக் கட்டுப் போட்ட அந்த வாரமே. அங்கே பாசி பிடிக்க வழியே இல்லை. அதன் பிறகு ஏறிப் பார்க்க நேரம் அமையவில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் விரலால் தண்ணீரைத் தட்டியது நான்தான்.

மனைவி புகாரில் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதியிருக்கிறாளாம். கோபத்தில் எழுதியிருப்பாள். ஒரு வாயில்லா ஜீவனுக்காக வேறு யார் மேடம் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?