அப்பாவுக்குக் காது கேக்காது

துப்பாக்கியா? இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த ரோட்டுல துப்பாக்கி இல்லாத வீடு எதுன்னு சொல்லு பாப்போம்? அதோ, பச்சைக் கூரை போட்ட வீடு தெரியுதில்ல, அந்த வீட்டுக்காரி ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பைபிள் வகுப்பு எடுக்குறவ. அவ கைப்பையிலயே ஒண்ணு கெடக்கு. எங்கப்பாவோடது நாற்காலிக்குப் பக்கத்துல, செவுத்துல சாஞ்சு நிக்கும். நீ தரை தொடைக்கும்போது தள்ளி வெச்சுட்டு, தொடச்சதும் இருந்த எடத்துலயே வெச்சுடு. பயப்படாத, உள்ள தோட்டா கெடையாது. எல்லாத்தையும் நான் எடுத்துட்டேன்.

பெல்ட்டப் போட்டுக்கம்மா. இனிமே சரளை ரோடுதான், தூக்கித் தூக்கிப் போடும்.

ஆமா, ஆறு வாரம்தான். எனக்கு இடுப்பெலும்ப மாத்தப் போறாங்க, துல்சா ஆஸ்பத்திரியில. எந்திரிச்சு நடக்குற வரைக்கும் அவரப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். எண்பது தாண்டிருச்சு. ஆனா தன் கையாலதான் சாப்புடுவாரு, பாத்ரூமுக்குத் தானாப் போயிடுவாரு. பெரிய தொந்தரவு ஒண்ணும் இல்ல. காதுதான். அத உங்க ஏஜென்சியிலயே சொல்லியிருப்பாங்களே, சுத்தமாக் கேக்காதுன்னு. நீ கத்தணும். மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தணும். சொல்லிட்டேன், வேலைய விட்டுட்டுப் போகும்போது உனக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

ஓ. அதையும் சொல்லிட்டாங்களா? யாரு, பெட்ரோல் பங்க்ல காபி ஊத்துறாளே, அவளா? இருக்கும். இந்த ஊருக்கு யாரு புதுசா வந்தாலும் மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க. என்னன்னு சொன்னா? திருடன்னு நெனச்சு, பெத்த புள்ளயவே சுட்டுட்டாருன்னா? பாவம் மனுஷன்னும் சொல்லியிருப்பாளே. ம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சரி, வீடு இன்னும் தூரமிருக்கு. நானே சொல்லிடறேன். அரையும் கொறையுமாத் தெரிஞ்சுக்கிட்டு நீ அந்த வீட்டுக்குள்ள போக வேண்டாம்.

என் தம்பி பேரு வெண்டல். என்னைவிடச் சின்னவன். நல்லா ஒசரமா இருப்பான், ஆனா எங்கப்பா முன்னாடி நின்னா குள்ளமாத் தெரிவான். எங்கப்பா ஹார்லன்னு சொன்னா அந்தக் காலத்துல இந்த வட்டாரமே எந்திரிச்சு நிக்கும். மாடு, நெலம், சர்ச்சுல பெரிய ஆளு. பாட்டு வேற பாடுவாரு, தெரியுமா? நாலு பேரு சேந்து பாடுவாங்க, அதுல அடிக்கொரல் இவருதான். அவரு ஆரம்பிச்சா பெஞ்செல்லாம் அதிரும். அந்தக் கொரல்ல வீட்டுக்குள்ள எப்படி இருந்திருப்பாருன்னு நீயே யோசிச்சுக்க. கையும் நீளும். எங்கம்மா ஓப்பல் கோடையிலயும் முழுக்கைச் சட்டைதான் போடுவா. ஏம்மா, வேர்க்கலியான்னு சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன். மக்கு நான்.

ஒரு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு நடந்தது இது. சித்தப்பா, அத்தை, அவங்க புள்ளைங்கன்னு எல்லாரும் மேசையச் சுத்தி ஒக்காந்திருக்கோம். வான்கோழிய வெட்டியாச்சு, ஜெபம் பண்ணியாச்சு. அப்பா கிரேவிய ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டு, இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணியான்னாரு. அம்மா சிரிச்சா. அவ அப்படித்தான் சமாளிப்பா. ஆனா அவரு எந்திரிச்சுட்டாரு. கைய ஓங்கிட்டாரு, அத்தன பேரு முன்னாடி. வெண்டல் அந்தக் கையப் புடிச்சுட்டான். புடிச்சு முறுக்கி, அப்படியே தரையில ஒக்கார வெச்சுட்டான். ஒக்கார வெச்சான்னா, குண்டி தரையில இடிக்க. ஒரு சின்னப் புள்ள சிரிச்சிருச்சு. அந்தச் சிரிப்புதான்... வேற எதையாவதுகூட அவரு மறந்திருப்பாரு.

தரையில கெடந்தபடியே சொன்னாரு. இன்னொரு தடவ என் வாசல்ல நின்னே, சுட்டுடுவேன்னு. கோவத்துல சொல்றதுதானே. இந்த ஊர்ல பாதி அப்பனுங்க பாதிப் புள்ளைங்களுக்கு அதச் சொல்லியிருப்பாங்க. வெண்டல் பொண்டாட்டி புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு வருஷம் வரல.

அப்புறம் அம்மாவோட பொறந்த நாள் வந்துச்சு. எழுபதாவது. யாருகிட்டயும் சொல்லாம வந்து நின்னு அம்மாவ அசத்தணும்னு அவனுக்கு ஆசை. கேக் வாங்கிக்கிட்டான், தேங்காய்ப்பூ தூவினது, அவளுக்கு அதுதான் புடிக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நல்ல வெயில். அன்னைக்குன்னு பாத்து அம்மா சர்ச்சுலேந்து லேட்டு. அவளுக்கு அங்க பொம்பளைங்க சேந்து விருந்து வெச்சிருந்தாங்க, அது இவனுக்குத் தெரியாது. வீட்டுல அப்பா மட்டும்தான். இவன் சமையக்கட்டுப் பக்கமா வந்து கதவத் தட்டினான். கதவுல கண்ணாடி, அதுக்கு உள்பக்கம் தெரச்சீல.

தெர வழியாத்தான் சுட்டாரு.

கேக் டப்பா நசுங்கக்கூட இல்ல. அத அப்படியே நெஞ்சோட அணைச்சமேனிக்கு விழுந்து கெடந்தானாம். டெபுடி போலீஸ் ஒருத்தன், சின்னப் பையன், என்கூடப் படிச்சவளோட மகன், அத எடுத்துட்டுப் போய் எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கான். மூணாம் நாள் அம்மா பால் எடுக்கத் தொறந்து பாத்தா.

கேஸா? கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த மாசம் இந்த ரோட்டுல ரெண்டு வீட்டுல திருடு போயிருந்துச்சு. வீட்டுக்காரன் பயந்தா சுடலாம், அது அவனோட உரிமைன்னு சட்டம். தெரைக்குப் பின்னாடி ஒரு ஆளு, கையில என்னமோ, யாருன்னு கேட்டேன், பதில் காதுல விழல, எனக்குக் காது மந்தம்னாரு. அவ்ளோதான். ஷெரிஃப் தொப்பியக் கழட்டிட்டு அவரக் கட்டிப் புடிச்சு அழுதாரு. ஊர்க்காரங்க சாப்பாடு சாப்பாடாக் கொண்டுவந்து கொட்டினாங்க. அவரோட துப்பாக்கிய ஷெரிஃப் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு, கூடப் பாடுறவங்க மூணு பேரும் சேந்து புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. பெருமையா எல்லாருக்கும் சொன்னாங்க. நீ தள்ளி வெச்சுத் தொடைக்கப் போறது அதத்தான்.

ஆமா, அதுக்கு முன்னாடியும் கொஞ்சம் மந்தம்தான். டிராக்டர் ஓட்டினவங்களுக்கு எல்லாம் இருக்குறதுதான். அம்மா கூப்புட்டா கேக்காது, பேஸ்பால் ஸ்கோர் கேக்கும், அந்த மாதிரி மந்தம். சுட்டதுக்கப்புறம் பாரு, ஒரேயடியாக் கேக்காமப் போச்சு. காதுல மாட்டுற மெஷின் வாங்கிக் குடுத்தோம், விசில் அடிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாரு. அதிர்ச்சியில போயிருச்சுன்னு ஊரே சொல்லிக்கிச்சு. அம்மாவும் அப்படித்தான் நம்பினா. காதுல வாய வெச்சுக் கத்தியே அவளுக்குக் கொரல் போச்சு. சாகும்போது அவளால பேசவே முடியல.

ஏன் சிரிக்கிறேனா? சிரிச்சேனா? தெரியலம்மா.

இங்க பாரு. உன் மொகத்தப் பாத்தா நல்ல பொண்ணு மாதிரி தெரியுது, அதனால சொல்றேன். நீ அந்த வீட்டுல கத்தணும், ஆனா கத்துறது அவருக்காக இல்ல. அந்த மனுஷனுக்குக் காது நல்லாவே கேக்கும். உனக்கும் எனக்கும் கேக்குறத விட நல்லா. சமையக்கட்டுல நான் முட்டைய ஒடச்சா, ஹால்ல அவருக்குத் தெரியும்.

எதுக்கு நடிக்கணும்னா? கேட்டா மாட்டிக்குவாரில்ல! கேக்கலன்னு சொல்லித்தான தப்பிச்சாரு. இனிமே சாகுற வரைக்கும் கேக்கக் கூடாது. அவரு தனக்குத்தானே கட்டிக்கிட்ட ஜெயிலும்மா அது. சாவி மட்டும் எங்கிட்ட இருக்கு.

பாட்டு போச்சு மொதல்ல. செவிடன் எப்படிப் பாடுவான்? சர்ச்சுல அவரோட கூட்டாளிங்க பாடும்போது ஒதட்ட இறுக்கி மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு, அடிக்கொரலுக்கு வேற ஒருத்தன் வந்துட்டான், சுருதி சேராம. நான் பக்கத்துல ஒக்காந்து அவரோட தொண்டையையே பாத்துக்கிட்டிருப்பேன். ஏறி ஏறி எறங்கும். ரேடியோவ நான் எடுத்துட்டுப் போயிட்டேன், செவிடருக்கு எதுக்கு ரேடியோ? டீவியில சத்தத்த நிறுத்தி வெச்சிருக்கேன். போனக் கட் பண்ணிட்டேன். மூணு கூட்டாளிங்களும் கொஞ்ச நாள் வந்தாங்க, கத்திப் பாத்தாங்க, சலிச்சுப் போய் நின்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை நான் போவேன். சமைப்பேன். மூஞ்சிக்கு நேரா நின்னு கத்துவேன், சாப்பாடு ரெடிப்பான்னு. அவரு தலையாட்டுவாரு. அப்புறம் நாற்காலிக்குப் பின்னாடி வந்து, பாத்திரத்தத் தொடச்சுக்கிட்டே, இப்ப உங்கிட்ட பேசுறேன் பாரு, இந்த மாதிரி பேசுவேன். வெண்டலோட மகனுக்குக் கொழந்த பொறந்திருக்கு, ஆம்பளப் புள்ள, என்ன பேரு வெச்சிருக்கான் தெரியுமா... அதோட நிறுத்திடுவேன். தண்ணியத் தொறந்து விட்டுடுவேன். அவரு கேக்க முடியாது. என்ன பேருன்னு கேட்டா, காது கேக்குதுன்னு ஆயிடும். கொள்ளுப் பேரன் பேரு தெரியாமயே ஒரு வருஷம் ஓடிப் போச்சு.

போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், வயித்துல ஒரு கட்டி மாதிரி. அடுத்த ஞாயித்துக்கிழமை, பின்னாடி நின்னுக்கிட்டு, டாக்டர் போன் பண்ணினாரு, ரிசல்ட் வந்துருச்சாம்ன்னேன். அவ்ளோதான். முள்கரண்டிய வாய்க்குப் பாதி தூரம் கொண்டு போனவரு, அப்படியே வெச்சுட்டாரு. ஒண்ணும் இல்லம்மா, சாதாரணக் கொழுப்புக் கட்டி. நான் இன்னும் சொல்லல.

தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும். ஒரு தடவ, அம்மா போனதுக்கப்புறம், பின்னாடி நின்னு, எல்லாம் எனக்குத் தெரியும்ப்பான்னு சொன்னேன். அவரு காதெல்லாம் செவந்து போச்சு. திரும்பல. அன்னைக்கு ராத்திரிதான் தோட்டா டப்பாவத் தொறந்து மேசை மேல வெச்சிருந்தாருபோல, காலையில கெடந்துச்சு. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். உன்ன மாதிரி வர்றவங்களுக்கு ஆபத்துன்னு இல்ல. அவர அவ்ளோ சுலபமா அனுப்பி வைக்க மாட்டேன்.

ஷெரிஃப்கிட்டயா? போனேனே. ஆபீஸ் வாசல் வரைக்கும் போய் வண்டிக்குள்ள ஒக்காந்திருந்தேன். அப்பத்தான் வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டு அப்பாவும் அம்மாவும் வெளிய வந்தாங்க. அம்மா அவரு கையப் புடிச்சுக்கிட்டு, படி இருக்கு, பாத்து, படி இருக்குன்னு காதுல கத்துறா. புள்ள போயி நாலு நாள். அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கெழவன் ஒருத்தன்தான். அதையும் நான் புடுங்கணுமா? அப்புறம் இன்னொண்ணும் தோணுச்சு. ஜெயில்ல போட்டா அங்க நல்லாக் கேக்குமே. ரேடியோ கேக்கலாம், ஆளுங்களோட பேசலாம், பாடக்கூடப் பாடலாம். எதுக்கு?

வண்டிய நிறுத்தவா? இங்க எறங்கி எப்படிப் போவே, மூணு மைலுக்கு மாட்டத் தவிர யாரும் கெடையாது. கொஞ்சம் பொறு. உன்னை நான் கொடுமை ஒண்ணும் பண்ணச் சொல்லல. நல்லாப் பாத்துக்க. நேரத்துக்குச் சாப்பாடு போடு, குளிக்க வை, நகம் வெட்டு. ஒண்ணே ஒண்ணு, தனியா இருக்கும்போது உங்கிட்டப் பேசப் பாப்பாரு. கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, மெதுவாப் பேசும்மா எனக்குக் கேக்கும்னு சொன்னாலும் சொல்லுவாரு. நீ பாவம் பாத்துடாத. காதக் காட்டி, கேக்கலியா தாத்தான்னு கத்து.

என்னது? நெசமாவே அன்னைக்குக் கேக்காம இருந்திருக்கலாமா? எல்லாரும் நல்லவங்கன்னு நெனைக்கிற வயசு உனக்கு. நானும் அப்படி நெனச்சிருப்பேன், சத்தியமா. வெறும் சந்தேகம்னா இத்தன வருஷம் என்னால ஒரு மனுஷன இப்படிப் பண்ண முடியுமா?

அதோ அதுதான் வீடு. சன்னல்ல நிக்குறாரு பாரு. நம்ம வண்டிச் சத்தம் கேட்டிருக்கும்.

அன்னைக்கு வெண்டல் எங்கிட்ட போன்ல பேசிக்கிட்டேதாம்மா நடந்து வந்தான். அக்கா, அம்மா மூஞ்சி எப்படி ஆகப் போகுது பாருன்னு சிரிச்சுக்கிட்டே வந்தான். போன வெக்காத, கேட்டுக்கிட்டே இருன்னான். தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பா, நான்தான், வெண்டல், சுட்டுடாதீங்கன்னு தமாஷா சொன்னான். உள்ளேந்து அவரு கொரல். அந்த அடிக்கொரல், கதவுக்கு அந்தாண்டேந்தும் தெளிவா வந்துச்சு.

தெரியுதுடான்னாரு.