மருந்து கொடுக்காத டாக்டர்

ராமநாதபுரத்திலிருந்து கடலாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளை வேலையை விடச் சொல்லி ஊருக்கு அழைத்துப் போகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மருந்தும் இல்ல, ஊசியும் இல்ல. அது என்ன தாயி வைத்தியம்?"

"மனசுக்குப் பாக்குறதுய்யா. வாரவுக பேசுறத உக்காந்து கேப்பேன்."

"கேட்டா சரியாயிருமா?"

"திருப்பாலைக்குடியிலருந்து ஒருத்தரு வாராரு. படகு கவுந்து தம்பி போயிட்டான். நான் மட்டும் எதுக்குப் பொழச்சுக் கெடக்கேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியலண்ணேன்னு சொன்னேன்."

"இதச் சொல்லவா மெட்ராஸ் போயிப் படிச்ச?"

"விதி, ஆண்டவன் சித்தம்னு எல்லாரும் அவருக்குப் பதில் சொல்லிட்டாகய்யா. அவர யாரும் பேச விடல. நான் தெரியலன்னதும் அழுதாரு. பெறகு தம்பியப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. இன்னும் பேசணும், திங்கக்கிழமை வாரேன்னுட்டுப் போனாரு."

பெரியவர் கீழக்கரை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஏர்வாடியில் பஸ் நின்றதும் எழுந்து, மகளின் பெட்டியைத் தானே தூக்கிக் கீழே வைத்தார்.

"எறங்கு தாயி. அடுத்த பஸ்ஸுல ராம்நாட்டுக்குத் திரும்பிப் போ."

"என்னய்யா சொல்றீக?"

"வாரேன்னு சொன்ன மனுசன் வந்து பாக்கையில நீ அங்கன இருக்கணும்ல."