தகர மேட்டுத் தண்டவாளம்

தகர மேட்டுத் தண்டவாளம் பார்வைக்கு அழகில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இராஜசிங்கம் அண்ணை, மொழிபெயர்க்கும்போது இதையும் விடாமல் இந்த அதிகாரிக்குச் சொல்லுங்கள். ஏன் அந்த வகையை வாங்கினாய் என்று அவர்தானே கேட்டார்.

விளையாட்டு ரயிலுக்குத் தண்டவாளம் பல விதம். ஒன்று வெறும் தண்டவாளம். பலகையில் கோர்க் தக்கை ஒட்டி, ஆணி அடித்து, பொடிச் சல்லியை நாமே தூவிப் பசைவிட வேண்டும். முதுகு முறிகிற வேலை, ஆனால் அசல் மாதிரி இருக்கும். மற்ற வகையில் தண்டவாளமும் அதன் கீழுள்ள சல்லிமேடும் ஒரே துண்டு. துண்டோடு துண்டைச் செருகினால் பாதை தயார். மேசையில், நிலத்தில், எங்கேயும் போடலாம். நினைத்த நேரம் கழற்றலாம். எங்களைப் போல இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிற அகதிகளுக்கு அதுதான் சரி என்று கடையில் வைத்துத் தயாபரனிடம் சொன்னேன்.

"தகரம் தகரமாத்தான் தெரியும் மச்சான்," என்றான் அவன்.

அவனும் நானும் எண்பத்து நாலில் ஒன்றாக வந்தவர்கள். லுசேர்ண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினோம். ஒரே அறை, ஒரே சட்டி. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது நான். அவன் விசாரணைக்குப் போன நாட்களில் வாசலில் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றதும் நான்தான். எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர் ஓடர்மாட் பழைய எஞ்சின் ஒன்றும் நாலைந்து பெட்டிகளும் தந்தார். யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள இந்த நாட்டில் கட்டடத்துக்குக் கட்டடம் நிலவறை வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு மூலையையும் விட்டுத்தந்தார். கடதாசியைக் கூழாக்கி மலை செய்தோம், சுரங்கம் குடைந்தோம். தண்டவாளம் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மிட் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக நான் பொறாமைப்படவில்லை. அன்றைக்குக் கோழி வாங்கிக் காய்ச்சியது நான்தான்.

பிறகு பெர்லினிலிருந்து தொலைபேசி வந்தது. அவன் மனைவி செல்வராணி ஊரிலிருந்து அங்கே வந்து இறங்கிவிட்டாள். தயாபரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கூர் டவுனில ஹோட்டல் வேலை சரிவந்திட்டுது. வீடும் தருவினமாம். வாற மாசம் போறன்."

"அப்ப ரயில்?" என்று கேட்டேன்.

"நீயே வச்சிரு மச்சான். பெஞ்சாதி வந்தாப் பிறகு எனக்கேன் விளையாட்டு? ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டுப் போறன், காணும்."

அழுகிற பிள்ளைக்குக் கையில் எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்களே, அப்படிச் சொன்னான். கூர் வேறு மாகாணம்; லுசேர்ண் கன்டோனை, இந்த மாகாணத்தை, விட்டு வெளியே குடியேற எனக்கு அனுமதியில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் தண்டவாளக் கடைக்குப் போனோம். நீ போகிறவன், இருந்து பார்க்கப்போகிறவன் நான், ஆகவே என் விருப்பம் என்றேன். அவன் சிரித்தான். "சரி, உன்ர விருப்பம்," என்று விட்டுக்கொடுத்தான். நல்ல மனுசன், அண்ணை. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

மேடு வைத்த தண்டவாளத்தில் பிளாஸ்டிக் மேடும் இருந்தது. விலை குறைவு, தகரத்தைவிட வடிவு. கடைக்காரர் அதையே எடுத்து எடுத்துக் காட்டினார். எனக்குத் தகரம்தான் தேவைப்பட்டது. தகரத்தில் மேடு முழுக்க மின்சாரம் ஓடும்.

ரயிலுக்குப் போகிற மின்சாரம் மிகச் சிறியது. இடையில் ஒரு பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கும். ஊரில் நான் வயரிங் வேலை பழகியவன். குறைக்காமல் விடட்டும் என்று அந்தப் பெட்டியில் நான் கைவைத்தது உண்மை.

இந்த நாட்டுக்காரன் ஒருவன் வந்திருந்தால் கால்களில் தடித்த சப்பாத்தோடு நின்றிருப்பான், பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. இதை அதிகாரிக்கு விளங்கப்படுத்துவது உங்கள் பாடு. எங்கள் ஆட்கள் புதிதாக ஒன்றை ஓட்டுவதென்றால் சும்மா ஓட்டுவார்களா? பழைய சைக்கிள் வாங்கியபோதே தயாபரன் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்தவன்.

அது வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை இடைவேளை. அவன் தோய்ந்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். நிலவறை வாசலில் செருப்பைக் கழற்றினான். நான் கழற்றவில்லை. படியில் நின்ற ஓடர்மாட், சீமெந்து குளிரும், வெறுங்காலோடு போகாதே என்று சொன்னார். "சாமி காரியம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தான். தண்டவாளத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தான். எஞ்சினுக்குச் சந்தனம் வைத்தான். சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்து, ஒரு கையால் தகர மேட்டை அமர்த்திப் பிடித்தான்.

"போடு மச்சான்," என்றான்.

நான் போட்டேன்.

கொல்ல நினைக்கவில்லை, அண்ணை. ஒரு அடி அடிக்கும், இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடப்பான், கூர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றுதான் கணக்குப் போட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். அவன் அப்படியே மேசையோடு ஒட்டி நின்றான். என்னைத்தான் பார்த்தான். என் கை சுவிட்சில்தான் இருந்தது. அணைத்திருக்கலாம். அணைத்தால் தப்பிவிடுவான், தப்பினால் கூருக்குப் போய்விடுவான். ஓடர்மாட் ஓடிவந்து என்னைத் தள்ளும்வரைக்கும் நான் அணைக்கவில்லை.

ஓம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுத வேண்டாமென்று சொல்லுங்கள், அண்ணை. தயாபரன் என்னை விட்டுப் போகவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.