புதுக் கார்டில் சுற்றும் குதிரை

– கொக்கி தெரியுதா? கிராஃபிக்ஸ் கார்டோட வால் பக்கம், சின்னதா, பிளாஸ்டிக்ல…

– தெரியுதுடா. அதை அமுக்கித்தானே பழசைக் கழட்டினேன். ஒரு நகம் போச்சு.

– நகம் வளரும், அக்கா. கார்டு சொருகுற ஸ்லாட் உடைஞ்சா வளராது.

– அக்கா விரலை விட உனக்கு ஸ்லாட் பெருசு. சரி, புதுசை வச்சு அழுத்திட்டேன். என்னடா இவ்வளவு கனம்!

– அழுத்தினப்போ 'டக்'னு கேட்டுச்சா?

– கேட்டுச்சு, கேட்டுச்சு. கரன்ட் வயர் ரெண்டும் குத்தியாச்சு. நீ எழுதிக் கொடுத்த பேப்பரை வச்சுக்கிட்டுத்தான் பண்றேன். கோழி கூட இதைவிட நல்லா எழுதும்.

– ஆஸ்பத்திரிக் கட்டில்ல, கையில டிரிப்ஸோட எழுதினது. என்ன பண்ணச் சொல்ற?

– … சாப்பிட்டியா?

– பேச்சை மாத்தாத.

– மாத்தல. சாப்பிட்டியான்னுதான் கேட்டேன்.

– ரெண்டு ஸ்பூன். நர்ஸ் 'பாதி சாப்பிட்டார்'னு எழுதிட்டுப் போனாங்க. நல்ல மனசு.

– அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள என்னை மட்டும் விட்டிருந்தா, வாயைப் பிளந்து ஊட்டியிருப்பேன்.

– அதுக்கு பயந்துதான் விடல. மெஷினை ஆன் பண்ணு.

– இரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாளைக்குக் காலையில டாக்டர் பேப்பரோட வருவார்.

– வரட்டும்.

– நீ எனக்கு என்ன வாக்கு கொடுத்த?

– கொடுத்தேன்ல, விடு.

– உன் வாயால இன்னொரு தடவை சொல்லு.

– புதுக் கார்டு நானும் என் கூட்டாளிங்களும் எழுதின டிரைவர் புரோகிராம்ல ஓடினா, ரெண்டாவது சுத்து மருந்துக்குக் கையெழுத்து போடுறேன். ஓடலைன்னா மருந்து வேணாம், வீட்டுக்கு வந்துடுறேன். போதுமா, வக்கீலம்மா?

– போதும். உயிரைக் கொண்டுபோய், திரையில படம் காட்டுற ஒரு கம்ப்யூட்டர் கார்டுமேல பந்தயம் கட்டினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

– சாதாரண கார்டா அது? கடைக்கு வரவே இன்னும் ஒரு மாசம் இருக்கு. டிரைவர் எழுதுறவங்கன்னு எங்களுக்கு மட்டும் முன்னாடியே அனுப்பியிருக்காங்க.

– கம்பெனியே ஒரு டிரைவர் தருதாமே? அதைப் போட்டா ஓடிட்டுப் போகுது.

– அது பூட்டின பெட்டி, அக்கா. உள்ள என்ன இருக்குன்னு நமக்குக் காட்ட மாட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு கம்பெனி கைகழுவிட்டா கார்டு வெறும் செங்கல். நாங்க ஒம்பது பேர் எழுதுறது எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கும். நான் இல்லாட்டியும் எவனாவது எடுத்துத் திருத்துவான்…

– 'நான் இல்லாட்டி'ங்கிறது இப்ப எதுக்கு?

– சும்மா ஒரு உதாரணம்.

– வேற உதாரணமே கிடைக்கல துரைக்கு.

– ஆன் பண்ணிட்டியா?

– பண்ணிட்டேன். எழுத்தா ஓடுது… ஓடுது… நின்னுடுச்சு.

– கடைசி வரியைப் படி.

– கடைசியில… 'ரெடி'ன்னு இருக்கு.

– ரெடியா?

– ஆமாடா. ஏன், இருக்கக் கூடாதா?

– … ஒண்ணுமில்ல. பேப்பர்ல அடிக்கோடு போட்ட வரி இருக்கும் பாரு, அதை அப்படியே அடி. ஒரு குதிரை வரும்.

– வந்துடுச்சு! சாம்பல் நிறத்துல. பாவம், நின்ன இடத்துலயே சுத்துது.

– அதுதான் சோதனை. ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை குதிரையை வரையுதுன்னு மூலையில எண் காட்டும். பழைய கார்டுல நாப்பத்தொண்ணு.

– இதுல… தொண்ணூத்திரெண்டு.

– தொண்ணூத்திரெண்டா?

– அதேதான். அப்பப்போ தொண்ணூத்திமூணும் வருது.

– ரெண்டு மாசமா எங்களுக்குள்ள இதே பேச்சுதான். எம்பதைத் தாண்டும்னு ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சேர்ந்து அவனை ஓட்டினோம். நான் அறுபதுன்னு சொன்னேன்.

– நீ எப்பவும் கம்மியாத்தான் சொல்லுவ. பரீட்சை எழுதிட்டு வந்தாலும் அப்படித்தான். பாத்தியா, ஓடிடுச்சு! நாளைக்கு மறுபேச்சு பேசாம கையெழுத்து போடுற.

– அக்கா, போனை அந்தப் பெட்டி பக்கத்துல வையேன்.

– எதுக்கு?

– கார்டு மேல இருக்கிற ஃபேன் சத்தம் கேக்கணும்.

– அதுல என்னடா கேக்க இருக்கு?

– ஆசையா இருக்கு. வையேன்.

– … வச்சுட்டேன். கேக்குதா? டேய்… லைன்ல இருக்கியா?

– இருக்கேன். கேக்குது.

– எப்படி இருக்கு?

– நல்லாத்தான் இருக்கு. நடுவுல 'டிக்… டிக்…'னு எதுவோ தட்டுதே?

– கடிகாரமா இருக்கும்.

– என் ரூம்ல ஏது கடிகாரம்?

– பக்கத்து வீட்டுல இருந்து கேக்கும்.

– போன வருஷம் தூசி தட்டுறேன்னு துடைப்பத்தை உள்ள விட்டு ஒரு இறக்கையை உடைச்சியே, ஞாபகம் இருக்கா? அந்த ஃபேன்தான் இது. பழைய கார்டு.

– போனை எடுத்துட்டேன், கேட்டது போதும்.

– அக்கா… அழாத.

– யார் அழுதா? மூக்கு அடைச்சிருக்கு.

– புதுசு எங்க?

– மேசை மேல. மூணு நாளா மாட்டி மாட்டிக் கழட்டினேன்டா. அதை வச்சாலே திரை கறுத்துப்போகுது. ஒரு எழுத்துகூட வரல. பழசை வச்சா வருது. நான்தான் முரட்டுத்தனமா அழுத்திக் கெடுத்துட்டேன் போலன்னு… உன் கூட்டாளிங்களைக் கேக்கலாம்னா உன் காதுக்கு வந்துடும். என் கை பட்டுக் கெட்டதுக்கு நீ மருந்து வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் நான்… எப்படிடா…

– நீ எதையும் கெடுக்கல, அக்கா.

– கார்டைக் கண்ணாலகூட பாக்கல நீ. உனக்கு எப்படித் தெரியும்?

– தெரியும்.

– என்னைச் சமாதானப்படுத்தாத. எப்படித் தெரியும்னு சொல்லு.

– திரைக்குப் படம் அனுப்புற பகுதி என் பங்கு. மத்த எட்டு பேரும் அவங்கவங்க பங்கை முடிச்சுட்டாங்க, நான் ஒன்றரை மாசமா ஒரு வரி எழுதல. போன வாரம்தான் வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சேன், அவர் முடிக்க மழைக்காலம் ஆயிடும். எவன் மாட்டினாலும் இப்ப கறுப்பாத்தான் வரும்… அது தெரிஞ்சுதான் உனக்கு அந்த வாக்கைக் கொடுத்தேன். இந்த மருந்து இனிமே என்னால முடியாது, அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நிக்கும்போது அதைச் சொல்ல வாய் வரல. கார்டே சொல்லட்டும்னு விட்டேன்.